நாலாவது கண்ணாடி

முதல் கண்ணாடி உடைந்த அன்று செங்கல்காரி அதை யாரிடமும் சொல்லவில்லை.

புருஷன் விடியும்போதே வேலைக்குப் போய்விட்டார். மகள் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தூணும் சுவரும் சேரும் மூலையில், கண் மட்டத்தில், விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று இரண்டு சிமெண்டுப் பொட்டுகளுக்கு நடுவே ஒட்டியிருந்தது. அது நடுவில் விரிசல் விட்டிருந்தது. கீழே விழவில்லை. நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான்.

பந்து பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் பந்து கிடையாது.

அந்தக் கண்ணாடியை மேஸ்திரி ஒட்டி இருபது நாள் ஆகியிருந்தது. புருஷனை ஊர் முழுக்க மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். கொத்து வேலையில் முப்பது வருஷம். பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு இயந்திரம் வைத்துத் தோண்ட ஆரம்பித்த மூன்றாம் நாள் சுவரில் ஒரு வெடிப்பு கண்டது. மயிர் கனம். அவருக்கு அது போதும். எந்தச் சுவரும் வெடிக்கும் என்பார். வெடித்துவிட்டு நின்றால் பயமில்லை, நடந்தால்தான் பயம். நடக்கிறதா நிற்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் கண்ணாடி. சுவர் நகர்ந்தால் சிமெண்டு கொஞ்சம் பொறுக்கும், கண்ணாடி பொறுக்காது. ஈரச் சிமெண்டில் ஆணியால் அன்றைய தேதியைக் கீறினார். மாடியில் இருந்த பத்துக் குடும்பத்தையும் கீழே கூப்பிட்டார்.

“இது முழுசா இருக்கிற வரைக்கும் நிம்மதியாத் தூங்குங்க. உடைஞ்ச அன்னைக்கு அரை மணி நேரத்துல எல்லாரும் வெளிய இருக்கணும். நான்தான் முதல்ல போவேன். யாரும் சாமான் எடுக்க நிக்காதீங்க.”

அது யாரும் கட்டி முடிக்காத கட்டடம். நாலு தளம் போட்டதும் வழக்கு வந்து நின்றுவிட்டது. தூண், தளம், பூசாத செங்கல் சுவர். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் அளவு வானம். சொந்தக்காரரின் மேனேஜர் மேஸ்திரியைக் காவலுக்கு வைத்தார். மேஸ்திரி தம்பியைக் கொண்டுவந்தார். தம்பி தன்னோடு மூட்டை தூக்குகிறவர்களைக் கொண்டுவந்தான். அவர்கள் இஸ்திரிக்காரரைக் கொண்டுவந்தார்கள். காவல்காரனைத் தவிர எல்லாரும் திருடன் என்று மேனேஜர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். போகச் சொல்லவில்லை. ஆள் இருக்கிற கட்டடத்தில் கம்பி களவு போகாது என்பது அவருக்கும் தெரியும்.

கீழ்த்தளத்து அறை மேஸ்திரி குடும்பத்துக்கு. கதவுக்குத் தகரம். குழாய் வாசலிலேயே. ஆறு வருஷத்தில் ஆறாவது இடம். இதற்கு முன் பாலத்தடி, ஒரு லாரி ஷெட், மூடிய ஆலையின் காவல் அறை, இன்னும் இரண்டு. அந்த இரண்டையும் அவள் பேச்சில் எடுப்பதில்லை. எல்லா இடத்திலும் போகச் சொன்னது காலையில்தான். சாமானைக் கட்டி வெயிலில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் நடப்பது என்று புருஷன் யோசிக்கும் அந்த நேரம் அவளுக்கு நெஞ்சில் கல்லாக நின்றது. இங்கே வந்த பிறகுதான் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடிந்தது. பதினோரு வயசில் மூன்றாம் வகுப்பு. அவள்தான் வகுப்பில் உயரம் என்று பின்னால் உட்கார வைத்திருந்தார்கள்.

அன்று மகள் போனதும் செங்கல்காரி ஈரத்துண்டை எடுத்து மூலை ஆணியில் மாட்டினாள். கண்ணாடி மறைந்தது. வேலைக்குப் போனாள்.

இடிக்கிற வீடுகளின் சாமான் வந்து குவியும் கிடங்கில் அவளுக்கு வேலை. பழைய செங்கலில் ஒட்டியிருக்கும் காரையைச் சின்னக் கொத்துச் சுத்தியால் தட்டி எடுத்து, சுத்தமான கல்லாக அடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த வேலை. கல்லைக் கையில் எடுத்தால் அது எந்தச் சுவரில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சமையலறைக் கல்லில் கரி இருக்கும். குளியலறைக் கல் கனக்கும். பிள்ளைகள் இருந்த வீட்டுக் கல்லில் பூச்சோடு பென்சில் கிறுக்கல் வரும். அதைத் தட்டும்போது மட்டும் பார்க்காமல் தட்டுவாள்.

மத்தியானம் கிடங்கின் பின்பக்கம் உடைந்த ஜன்னல் கண்ணாடிக் குவியலில் அதே கனத்தில் ஒரு துண்டு தேடினாள். கிடைத்தது. துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். மேஸ்திரி வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து, பழைய பொட்டைக் கொத்தி எடுத்து, அவர் வைத்திருந்த சிமெண்டிலேயே கொஞ்சம் குழைத்து ஒட்டினாள். ஆணியால் அதே தேதியைப் பார்த்துப் பார்த்துக் கீறினாள். வெடிப்பு இப்போது மயிர் கனம் இல்லை. செங்கல் பொடியில் சிமெண்டைக் கலந்து அதற்குள் அப்பினாள். எல்லாவற்றின் மேலும் சாம்பலைத் தூவித் துடைத்தாள். பழையதைப் புதுசாக்குவது அவள் தொழில். புதுசைப் பழசாக்க அன்றுதான் கற்றுக்கொண்டாள்.

மேஸ்திரிக்கு ஒரு கண்ணில் சுண்ணாம்பு தெறித்துப் பல வருஷமாக மங்கல். சாயங்காலம் வந்ததும் வராததுமாக மூலைக்குப் போய் ஆள்காட்டி விரலால் கண்ணாடியை மேலிருந்து கீழாக வருடிப் பார்ப்பார். அன்றும் வருடினார். விரல் எங்கும் இடறாமல் இறங்கியது.

“நிக்குது,” என்றார்.

அவள் தேநீர் கொடுத்தாள்.

மாடிக்காரர்களும் அப்படித்தான். காலையில் இறங்கும்போது தகரத்தை விலக்கி மூலையை எட்டிப் பார்ப்பார்கள். தூங்குகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. இஸ்திரிக்காரர் மட்டும் வாசலில் நின்றே கேட்பார்: “கண்ணாடிக்கு உடம்பு எப்படி இருக்கு?” செங்கல்காரி, நல்லா இருக்குண்ணே என்பாள். “நம்ம உடம்பை யாரும் இப்படி விசாரிச்சது இல்லம்மா,” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

அந்தக் கட்டடத்துக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு டீச்சர் வந்துகொண்டிருந்தார். கல்லூரியில் பூகோளம் நடத்துகிறவர். ஐம்பது வயசிருக்கும், தோளில் பை, காலில் ஆம்பிளைச் செருப்பு. வீடு இல்லாதவர்கள் எங்கே தங்குகிறார்கள், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடந்து வேலைக்குப் போகிறார்கள், தண்ணீர் எங்கே, கக்கூஸ் எங்கே என்று எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தார். உலகத்தில் இருக்கிற மலை, ஆறு எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு இப்போது நம் பாயை அளக்க வந்திருக்கிறார் என்று இஸ்திரிக்காரர் அவர் முன்னாலேயே சொன்னார். டீச்சர் அதையும் எழுதிக்கொண்டார்.

முதல் தடவை வந்தபோது ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார்.

“இதை வீடுன்னு போடவா, வேலை செய்யிற இடம்னு போடவா? காவலுக்குத்தானே இருக்கீங்க?”

“ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது இருக்கா டீச்சர்?”

“படிவத்துல இல்லை.”

“அப்ப வீடுன்னே போடுங்க. எழுத்துலயாவது வீடா இருக்கட்டும்.”

டீச்சர் அப்படியே போட்டார். மகளைச் சேர்க்கப் பள்ளிக்கூடத்தில் விலாசம் கேட்டபோது, இந்தக் குடும்பம் இங்கே குடியிருக்கிறது என்று கல்லூரித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அந்தத் தாளைச் செங்கல்காரி அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு தடவையும் டீச்சர் அறையைப் படம் எடுப்பார். தரையில் இரண்டு பாதம் அளவுக்குச் சிவப்புச் சாயத்தில் ஒரு அடையாளம் போட்டிருந்தார். அதில் நின்று, அதே உயரத்தில் கேமராவைப் பிடித்து, அதே மூலையைப் பார்த்து. பானை, அடுப்பு, தகரப்பெட்டி, பலகை எல்லாம் அந்த மூலையில்தான். எதற்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப என்று அவள் கேட்டாள். கூடவே இருந்து பார்த்தால் எதுவும் மாறாத மாதிரித்தான் தெரியும், படத்தை அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் ஒரு குடும்பம் எப்படி வேர் பிடிக்கிறது என்று புரியும் என்றார் டீச்சர். போன மாதம் பலகை இல்லை, இந்த மாதம் இருக்கிறது, பாருங்கள் என்றார். செங்கல்காரிக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த தடவை வருவதற்குள் பலகைக்கு ஒரு துணி விரித்தாள்.

இரண்டாவது கண்ணாடி பதினோரு நாள் நின்றது.

பக்கத்துக் குழியில் ஊற்று கண்டிருந்தது. இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். குழாய் வழியாகத் தண்ணீர் ரோட்டோரச் சாக்கடையில் விழும். அதில் மண் கலந்து வந்தால் அது குழி மண்ணில்லை, நம் காலடி மண் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வேலைக்குப் போகிற வழியில் அவள் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகினாள்.

அந்த வாரம்தான் இஸ்திரிக்காரர் இறங்கி வந்து உள்ளே உட்கார்ந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட் காலியாக இருக்கிறதாம். சின்னது, வெயில் அடிக்கும், ஆனால் தனி. போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்டார். மேஸ்திரி எழுந்து விரலால் மூலையை வருடினார். நிற்கிறது, இருக்க முடிந்தால் இருங்கள் என்றார். செங்கல்காரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. இஸ்திரிக்காரர் ஷெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது கண்ணாடி ஐந்து நாள்.

அதை ஒட்டின அன்றே, கை ஈரம் காயும் முன்னாலேயே, அது உடையும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெடிப்பில் சுண்டுவிரல் நுழைந்தது. தகரக் கதவு அதன் சட்டத்தில் உட்காரவில்லை, தூக்கிச் சாத்த வேண்டியிருந்தது. கதவு ஏன் இடிக்கிறது என்று மகள் கேட்டாள். மழைக்குத் தகரம் ஊதும் என்றாள் செங்கல்காரி. மகள் அவளையே பார்த்தாள். “மரம்தான்மா ஊதும். தகரம் துருப்பிடிக்கும். பாடத்துல இருக்கு.” அவள் மகளை அதட்டினாள். எதற்கு அதட்டினாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

நாலாவது கண்ணாடியை ஒட்டிய மறுநாளைக்கு மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்து தூறல். மேஸ்திரிக்கு வேலை இல்லை, பாயில் சாய்ந்திருந்தார். டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். சிவப்பு அடையாளத்தில் நின்று படம் எடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். இதுவரைக்கும் எடுத்த படங்களைக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மகள் பாயில் வரிசையாக அடுக்கினாள். வெறும் மூலை. அடுப்பு வந்த மூலை. பெட்டி வந்த மூலை. பலகை. பலகைமேல் துணி. மேஸ்திரி சிரித்தார். “நம்ம ஆளு சொத்துக்காரியாயிட்டா,” என்றார். செங்கல்காரியும் குனிந்து பார்த்தாள். பானையையும் பெட்டியையும் பார்த்தாள். கடைசி இரண்டு படத்தில் பலகைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. எடுத்து ஒளிக்கக் கை நீண்டது. அதற்குள் டீச்சர் அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“மேஸ்திரி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்தக் கண்ணாடியை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துவீங்க?”

“மாத்துறதில்ல டீச்சர். மாத்தினா அதுக்கு அர்த்தமே இல்ல.”

“இல்ல, முதல் படத்துல ஒரு மூலை சாய்வா வெட்டின மாதிரி இருக்கு. ரெண்டாவதுல நாலு மூலையும் நேரா இருக்கு. இப்ப சுவத்துல இருக்கிறது இதைவிட அகலம். தேதி மட்டும் ஒண்ணா இருக்கேன்னு பார்த்தேன்.”

மேஸ்திரி படங்களை வாங்கி நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்று. இன்னொன்று. எழுந்து மூலைக்குப் போனார். இந்தத் தடவை கண்ணாடியை வருடவில்லை. அதற்கு ஒரு சாண் கீழே நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினார். அப்பியிருந்தது கட்டியாகக் கழன்று பலகைத் துணிமேல் விழுந்தது. விரலை உள்ளே விட்டார். இரண்டாவது கணு வரைக்கும் போயிற்று.

அறையில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

“மூணு கண்ணாடி,” என்றார், சுவரைப் பார்த்தபடியே.

“நாலு,” என்றாள் செங்கல்காரி.

அவர் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

“எதுக்கு?”

“உடைஞ்சா அரை மணி நேரத்துல போகணும்னு சொன்னீங்க. எங்க போறதுன்னு சொல்லலியே.”

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “தினமும் தொட்டுப் பார்த்தேனே,” என்று மட்டும் சொன்னார். பிறகு மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் நின்று, மகளை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். குரல் உயரவில்லை.

டீச்சர் படங்களை ஒன்றாகச் சேர்க்கப் பார்த்து முடியாமல் கீழே போட்டார். இதே படம் இரண்டு வாரமாக அவர் மேஜைமேல் இருந்திருக்கிறது. “நான் உங்க பாத்திரத்தைத்தான் எண்ணிட்டிருந்தேன்,” என்றார்.

மாடியில் மேஸ்திரி சொன்னது எடுபடவில்லை. மழைக்கு எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். காலையில்கூட எட்டிப் பார்த்தோமே, கண்ணாடி முழுசாகத்தானே இருந்தது என்றார்கள். கையில் தாளோடு டீச்சர் வந்த அன்றைக்கே அண்ணன் காலி பண்ணச் சொல்கிறார் என்று யாரோ சொன்னார்கள். மேனேஜர் பேசியிருப்பார் என்றார் இன்னொருவர். தம்பிதான் நேராகக் கேட்டான், உனக்கு மட்டும் எங்கேயாவது இடம் பார்த்து வைத்திருக்கிறார்களா என்று. மேஸ்திரி தம்பியை அறையக் கை ஓங்கி, ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

செங்கல்காரி மகளை டீச்சரிடம் விட்டுவிட்டு மேலே வந்தாள்.

“அவர் மேல தப்பு இல்ல. கண்ணாடி பதினெட்டு நாளைக்கு முன்னாடியே உடைஞ்சிருச்சு. நான்தான் மாத்தி மாத்தி ஒட்டினேன். மூணு தடவை. வெடிப்புல பொடியை வெச்சு அடைச்சேன். வந்து கையை விட்டுப் பாருங்க.”

இஸ்திரிக்காரர் மடித்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டார்.

“ஷெட்டைக் கேட்டேனேம்மா. நீ அங்கதானே உக்காந்திருந்தே.”

“ஆமாண்ணே.”

“அதுக்கு வேற ஆள் வந்தாச்சு.”

“தெரியும்ணே.”

அவர் மறுபடி சட்டையை எடுத்து மடித்தார்.

பேச்சை எடுத்தது சின்னவள்தான். மேஸ்திரி தம்பியின் பெண்டாட்டி, செங்கல்காரிக்கு ஓரகத்தி. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. ஊர்ச் சண்டையைத் தலையில் வாங்கிச் சிரிக்கிறவள்.

“ஏன்க்கா, பதினெட்டு நாளா உடைஞ்சிட்டுதான் இருக்கா?”

“ஆமா.”

“பதினெட்டு நாளா நாம எல்லாரும் உசுரோடதானே இருக்கோம்? நீ ஒட்ட ஒட்ட நிக்குதுல்ல. போய் இன்னொண்ணு ஒட்டு. மாமா மட்டும் பார்க்காம ஒட்டு.”

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததும் அறை லேசாயிற்று. மழை விடட்டும் என்றார்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர், போவதற்கு இடத்தைச் சொல்லுங்கள், இந்த நிமிஷமே போகிறேன் என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொல் என்று கேட்கிற கண்ணோடு மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி தலை குனிந்து இறங்கிவிட்டார்.

சொன்னபடி அவர்தான் முதலில் போனார். எதிர் வரிசையில் பூட்டிக் கிடந்த கடையின் தாழ்வாரத்தில் பானை, பெட்டி, பாய், மகள். டீச்சர் மழையில் நின்று போன் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு ஆபீசில் எடுக்கவில்லை. ஒன்றில் எடுத்தார்கள், இது தங்கள் வேலை இல்லை என்றார்கள். ஒன்றில் திங்கட்கிழமை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எதை எழுத வேண்டும் என்று டீச்சர் கேட்டார். விலாசத்தை என்றார்கள். வழக்கில் இருக்கும் கட்டடத்துக்குக் கதவு எண் கிடையாது. கடைசியில் மேனேஜரைப் பிடித்துவிடலாம் என்று மேஸ்திரியும் டீச்சரும் கிளம்பினார்கள். மேஸ்திரி போகும்போது பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை மட்டும் மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மழை வலுத்தது. சாக்கடையில் விழும் மோட்டார்த் தண்ணீரை இப்போது அவள் நேராகவே பார்த்தாள். தேநீர் நிறத்தில் வந்தது.

நாலு மணிக்கு மாடிப்படியில் சின்னவள் இறங்கி வருவது தெரிந்தது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் அடுப்பு. வெளியே வருகிறாள் என்று செங்கல்காரி எழுந்து நின்றாள். சின்னவள் வெளியே வரவில்லை. தகரத்தைத் தூக்கி விலக்கிக் கீழ்த்தளத்து அறைக்குள் போனாள். திரும்ப மாடிக்குப் போய்ப் பாயைக் கொண்டுவந்தாள். பிறகு குடம். பிறகு துணிமூட்டை.

“அம்மா, சித்தி நம்ம வீட்டுக்குள்ள போறாங்க,” என்றாள் மகள்.

“நீ இங்கயே இரு. ரோட்டைத் தாண்டினே, காலை ஒடிப்பேன்.”

அவள் தாண்டினாள்.

அறையில் பாய் விரித்தாயிற்று. குழந்தை அதன்மேல் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. சின்னவள் மூலையில், அதே மூலையில், அடுப்பைப் பற்ற வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே நீ?”

“ஒரு வருஷமா குடம் குடமா மாடிக்குத் தண்ணி சுமந்தேன்க்கா. வயித்துப் பிள்ளையோட சுமந்தேன். குழாய் வாசல்லயே இருக்கு, ரூம் சும்மாக் கிடக்கு. நான் வரலைன்னா மூணாவது மாடிக்காரி வந்திருப்பா. அவ வர்றதுக்கு நான் வந்தா உனக்கு என்ன?”

“இந்தச் சுவர்தான்டி சரிஞ்சு வருது. இதுதான். கையை விட்டுப் பாரு.”

“பார்த்தேன். பாலத்தடியில எங்க அம்மா மேல லாரி ஏறினப்ப அங்க வெடிப்பு எதுவும் இல்ல.” சின்னவள் கரண்டியால் கிளறினாள். “நீ போனது உன் இஷ்டம். போனவ போனவதான். ரூமைத் திரும்பக் கேக்காதே.”

செங்கல்காரி குழந்தையைத் தூக்கப் போனாள். சின்னவள் முந்திக்கொண்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பிள்ளைமேல் கை வைக்காதே என்றாள்.

பதினெட்டு நாள் அவள் பொய் சொன்னபோது பத்துக் குடும்பம் நம்பியது. கூரையில் ஏதோ நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. அவள் தூணில் முதுகு சாய்த்து, வெடிப்புக்கு நேர் கீழே, கால் நீட்டி உட்கார்ந்தாள்.

“என்னக்கா இது?”

“நீ எந்திரிச்சாத்தான் நான் எந்திரிப்பேன்.”

“உண்ணாவிரதமா?”

“உக்காந்திருக்கேன்.”

“உன் பொண்ணு அங்க தனியா நிக்குது.”

“நிக்கட்டும். அவ வெளியில நிக்கிறா.”

சின்னவள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வாய்த்த ஓரகத்தி இப்படி என்று குழந்தையிடம் சொன்னாள். சோறு வெந்திருந்தது. கஞ்சி வடித்து, ஒரு தட்டில் போட்டு, உப்பும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வைத்து அவள் முன்னால் தள்ளினாள்.

“தின்னு. வீம்பெல்லாம் வயித்துக்குத் தெரியாது. காலையிலேருந்து நீ ஒண்ணும் திங்கலை, நான் பார்த்துட்டுதான் இருந்தேன்.”

அவளுக்குப் பசிதான். தட்டை மடியில் வைத்துப் பிசைந்தாள். முதல் கவளத்தை வாயில் போட்டாள். சூடாக இருந்தது. இரண்டாவது கவளம் உருட்டும்போது தட்டில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. மெல்லிய பொடி. கிழங்கின்மேல் படிந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி விழுந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. சலித்த மாவு மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது.

சின்னவள் குனிந்து ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு வைத்துத் தேய்த்தாள். அண்ணாந்து பார்த்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்து உதைப்பதை நிறுத்தியது.

சின்னவள் முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். குடத்தையும் பாயையும் திரும்பிப் பார்த்தாள், எடுக்கவில்லை. வாசலில் நின்று, “வா,” என்றாள்.

“நீ போ. எம்பொண்ணு பக்கத்துல போய் நில்லு.”

சின்னவள் மழையில் ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் செங்கல்காரி எழுந்திருக்கவில்லை. தாழ்வாரத்தில் மகள் குடையை விரித்துக் குழந்தைக்குப் பிடிப்பது தெரிந்தது. மாடியில் யாரோ நடந்தார்கள். யாரோ இருமினார்கள். பொடி ஒரு சீராக விழுந்துகொண்டிருந்தது.

மேலே இன்னும் ஒன்பது அடுப்பு. அவள் பொடி படிந்த தட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். முதலில் இஸ்திரிக்காரர் வீடு.